முதலில் ஆய்வகத்துக்குப் போன் செய்யுங்கள்

ஒஹாயோ மாநிலத்தின் தெற்கே, ஒரு நடுத்தர மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். சிறுநீரில் போதைமருந்து தேடும் கருவி அப்போதே அங்கே இருந்தது. அதில் ஓடிய சாம்பிள்கள் பெரும்பாலும் வேலைக்குச் சேரப் போகிறவர்களுடையவை, ஆலைத் தொழிலாளர்களுடையவை. மயக்க நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களுடையதும் சில இருக்கும். வலிக்கு மருந்து சாப்பிடும் நோயாளியின் சிறுநீரை வாங்கிச் சோதிக்க வேண்டும் என்று எந்த மருத்துவரும் அன்று நினைக்கவில்லை.

அந்தச் சோதனை பிறந்த இடமே வேறு. 1971இல் வியட்நாமிலிருந்து ஊர் திரும்பும் சிப்பாய்கள் சிறுநீர் கொடுத்து, ஹெராயின் இல்லை என்று உறுதியான பிறகே விமானம் ஏறலாம் என்று நிக்சன் அரசு உத்தரவு போட்டது. 1986இல் ரீகன், மத்திய அரசு ஊழியர்களுக்குச் சோதனையைக் கொண்டுவந்தார். 1988இல் அதற்கான விதிமுறைகள் வந்தன: கஞ்சா, கோக்கெய்ன், ஓபியேட், ஆம்ஃபெட்டமின், பிசிபி என்று ஐந்து. தெருவில் விற்கும் போதைப் பொருளைத் தொட்டவரைக் கண்டுபிடித்து வேலையிலிருந்து விலக்கி வைப்பதுதான் நோக்கம். கருவி செய்த கம்பெனிகள் அந்த ஐந்தை வைத்தே, அவற்றை அடையாளம் காணும் ஆன்டிபாடிகளைத் தயாரித்தன. பிற்காலத்தில் அதே பெட்டியை, அதே ஐந்து வரிகளோடு, முதுகு முறிந்த நோயாளிகளின் மேல் திருப்பினோம். நான் பார்த்த துன்பங்களில் பாதி இங்கிருந்து தொடங்கியது.

ஆக்சிகோடோன் அடங்கிய ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரைக்கு 1995 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு கடைக்கு வந்தது. எங்கள் பக்கம் சுரங்கமும் உருக்காலையும் மூடிப்போன ஊர்கள் அதிகம். பாரம் தூக்கித் தேய்ந்த முதுகுகளும் முழங்கால்களும் நிறைந்த நாடு அது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போல வலியையும் ஒவ்வொரு முறையும் கேட்டு எழுத வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் சொல்லிக்கொண்டிருந்த நேரம். மருந்து ஆறாக ஓடியது. சில ஆண்டுகளில் மருத்துவர்களுக்குப் பயம் பிடித்தது: கொடுத்த மாத்திரையை நோயாளி விழுங்குகிறாரா, விற்கிறாரா? அப்போதுதான் வலி கிளினிக்குகளிலிருந்து பாட்டில்கள் எங்களுக்கு வரத் தொடங்கின.

முதலில் வந்த போன்களில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. ஒரு குடும்ப மருத்துவர். அவருடைய நோயாளி ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, பல ஆண்டுகளாக அவரிடமே வருகிறவர். ஆக்சிகோடோன் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் ரிப்போர்ட்டில் ஓபியேட் ‘நெகட்டிவ்’ என்று போயிருக்கிறது. “மாத்திரையை விற்கிறார் என்றுதானே அர்த்தம்? இனி வர வேண்டாம் என்று கடிதம் அடித்துவிட்டேன், கையெழுத்து மட்டும்தான் பாக்கி” என்றார். கையெழுத்தைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொன்னேன். ஓபியேட் சோதனையின் ஆன்டிபாடி மார்ஃபினை அடையாளம் காண்பதற்காக உருவாக்கப்பட்டது. மார்ஃபினையும் கோடீனையும் அது நன்றாகப் பிடிக்கும். ஆக்சிகோடோனின் வடிவம் சற்று வேறு. மிக அதிக அளவில் இருந்தால் ஒழிய அது கண்ணில் படாது. மெத்தடோன், ஃபென்டனில், டிராமடால், பியூப்ரனார்ஃபின் ஆகியவை அதற்கு அறவே தெரியாது. அதே சாம்பிளை, ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ள வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஆக்சிகோடோனும் இருந்தது, கல்லீரல் அதை மாற்றி உண்டாக்கும் ஆக்சிமார்ஃபோனும் இருந்தது. அந்த மனிதர் மருந்தை ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த மருத்துவர் போன் செய்தார். போன் செய்யாமல் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று என்னால் எண்ண முடியாது. ஆக்சிகோடோனுக்கென்று தனிச் சோதனைகள் வந்த பிறகும் கிளினிக்குகள் பழைய ஐந்து வரிச் சோதனையையே கேட்டுக்கொண்டிருந்தன, ஏனென்றால் கணினித் திரையில் அதுதான் முதலில் வரும். ‘இந்தச் சோதனை ஆக்சிகோடோனைக் காட்டாது’ என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி சேர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மென்பொருள்காரர்கள் இடம் கொடுத்தார்கள். ஆனால் அந்த வரி மருத்துவரின் திரையில் இன்னொரு முறை சொடுக்கினால்தான் தெரிந்தது. அதை ‘நெகட்டிவ்’ என்ற சொல்லுக்கு நேர் கீழே கொண்டுவர ஆண்டுக்கணக்காகிவிட்டது.

ஏமாற்றுக்காரர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2000க்குப் பிறகான பத்தாண்டில் ஒஹாயோ ஆற்றங்கரையில் போர்ட்ஸ்மத் என்ற ஊரைச் சுற்றி, பணத்தை வாங்கிக்கொண்டு மாத்திரைச் சீட்டு எழுதுவதற்கென்றே கிளினிக்குகள் முளைத்தன. வாசலில் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா எண் பலகையோடு கார்கள் நிற்கும். 2011இல் மாநிலச் சட்டமன்றம் 93ஆம் மசோதாவை நிறைவேற்றி அவற்றை மூட வழி செய்தது. அந்தக் காலத்தில் ஆய்வகத்துக்கு வந்த பாட்டில்களில் எல்லா வித்தையும் பார்த்தோம். புதிதாகக் கழித்த சிறுநீர் நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கலந்தால் ஆறிப் போகும். சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீர்த்துப்போன சாம்பிள் என்று சந்தேகப்படுவோம். 2க்கும் கீழே போனால் அது மனிதச் சிறுநீரே இல்லை என்று கொள்வோம். ப்ளீச் ஊற்றியவர்கள் உண்டு. நைட்ரைட் கலந்தவர்கள் உண்டு. சூடேற்றும் பட்டையோடு பாக்கெட்டில் விற்கும் செயற்கைச் சிறுநீரை வாங்கி வந்தவர்கள் உண்டு. எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒருவர் பாட்டிலைக் குலுக்கி நுரையைப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்தே சொல்லிவிடுவார், கருவி பின்னால் அதை உறுதி செய்யும்.

நுட்பமான வித்தை ஒன்று உண்டு. மாத்திரையை விற்றுவிட்டு, ஒரு துணுக்கை மட்டும் சுரண்டிப் பாட்டிலுக்குள் போட்டுவிடுவது. சாதாரணச் சோதனையில் பாசிட்டிவ் வந்துவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் மருந்து ஆயிரக்கணக்கான நானோகிராம் இருக்கும், ஆனால் உடம்பு அதை மாற்றி வெளியேற்றும் சிதைபொருள் துளியும் இருக்காது. பியூப்ரனார்ஃபின் இருந்து நார்பியூப்ரனார்ஃபின் இல்லையென்றால் அந்த மருந்து உடம்புக்குள் போகவே இல்லை.

அப்படி ஒரு ரிசல்ட் ஓர் இளம் பெண்ணுடையது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காகப் பியூப்ரனார்ஃபின் வாங்கிக்கொண்டிருந்தவர். கிளினிக்கின் ஆலோசகர் நல்ல மனுஷி. வெளியே அனுப்புவதற்கு முன் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, சிகிச்சைக்கு இடமும் கிடைக்கவில்லை. அவன் செத்துவிடுவானோ என்று பயந்து தன் மாத்திரையை அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அவனையும் அதே கிளினிக்கில் சேர்க்க ஆலோசகர் அலைந்து ஏற்பாடு செய்தார். எங்கள் கருவி அன்று துல்லியமாக வேலை செய்தது. மருந்து அவள் உடம்பில் இல்லை என்றது. ஏன் இல்லை என்பதை அந்த ஆலோசகர்தான் கண்டுபிடித்தார். ரிசல்ட் சரியாக இருக்கும்போதும் கேள்வி மிச்சமிருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டவில்லை.

நம் சமையலறையும் ஒருமுறை இதற்குள் வந்தது. ஊர்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு பையன், மென்பொருள் வேலை பார்ப்பவன், பதறிப்போய்க் கூப்பிட்டான். “அக்கா, அம்மா மார்ஃபின் எடுக்கிறாங்கன்னு கிளினிக்ல சொல்றாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, அழுதுட்டே இருக்காங்க.” இடுப்பு வலிக்கு ஹைட்ரோகோடோன் கொடுத்திருந்தார்கள். சிறுநீரில் அதோடு மார்ஃபினும், கொஞ்சம் கோடீனும். நான் கேட்ட முதல் கேள்வி: “வார இறுதியில என்னடா சமைச்சீங்க?” குருமா. தாராளமாகக் கசகசா அரைத்து ஊற்றிய குருமா. கசகசா அபினிச் செடியின் விதை. விதையில் போதை கிடையாது. ஆனால் காயைக் கீறினால் வடியும் பால் விதையின் மேல் ஒட்டியிருக்கும், அதில் மார்ஃபினும் கோடீனும் உண்டு. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கசகசா கொண்டுபோகக் கூடாது என்பது நம்மவர்களுக்குத் தெரியும்; அமெரிக்காவில் அது பேகல் ரொட்டியின் மேலேயே தூவியிருக்கும். இதனால்தான் 1998இல் அரசு, வேலைக்கான சோதனையில் ஓபியேட் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தியது. மருத்துவமனைகளில் பல இடங்களில் பழைய 300தான் தொடர்ந்தது. வேலை தேடும் ஓட்டுநருக்குக் கிடைத்த பாதுகாப்பு வலியோடு வரும் கிழவிக்குக் கிடைக்கவில்லை. அந்த அம்மாவின் மருத்துவரிடம் நானே பேசினேன். கேட்டுக்கொண்டார். கசகசா இல்லாமல் சில நாள் கழித்து எடுத்த அடுத்த சாம்பிளில் ஹைட்ரோகோடோனும் அதன் சிதைபொருள்களும் மட்டும் இருந்தன. 2023இல் அமெரிக்க ராணுவத் தலைமையே சிப்பாய்களைக் கசகசா சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்ததைப் படித்தபோது அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்களுக்கே வந்த பிறகு பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பினேன். பழைய கருவி பார்க்காததைப் புதியது பார்த்தது. பார்க்க வேண்டியதற்கு மேலும் பார்த்தது. மார்ஃபின் மட்டுமே சாப்பிடும் புற்றுநோயாளியின் சிறுநீரில் சிறிதளவு ஹைட்ரோமார்ஃபோன் தெரியும். உடம்பே மார்ஃபினில் ஒரு சிறு பகுதியை அப்படி மாற்றுகிறது. அதிக அளவு ஆக்சிகோடோன் சாப்பிடுபவரிடம் துளி ஹைட்ரோகோடோன் தெரியும்; மாத்திரை செய்யும்போதே அந்தக் கலப்பு நேர்கிறது, ஒரு வரம்புக்குள் சட்டமும் அதை அனுமதிக்கிறது. இரண்டிலும், நோயாளி வேறு எங்கோ மருந்து வாங்குகிறார் என்றுதான் மருத்துவர்கள் முதலில் முடிவு கட்டினார்கள். சர்க்கரை நோயுள்ள ஒரு மூதாட்டியின் சாம்பிளில் மது இருந்தது. வாழ்நாளில் மதுவைத் தொடாத தேவாலயத்துப் பெண்மணி. சிறுநீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் இருந்து, பாட்டில் வெதுவெதுப்பான அறையில் நின்றால் உள்ளேயே நொதித்து மது உண்டாகிவிடும். மது உடம்புக்குள் போனால் தோன்றும் எத்தில் குளுக்குரோனைடைத் தேடினோம். இல்லை. அவர் பெயருக்கு நேரே எழுதியிருந்த குறிப்பை நீக்கச் செய்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் கேட்கிறார்கள்: “அளவு எவ்வளவு இருக்கிறது? எழுதிக் கொடுத்த அளவுதான் சாப்பிடுகிறாரா?” சிறுநீரில் உள்ள அளவை வைத்து அதைச் சொல்ல முடியாது. எவ்வளவு தண்ணீர் குடித்தார், கடைசி மாத்திரை எப்போது, சிறுநீரகம் எப்படி, அவருடைய கல்லீரல் நொதிகள் வேகமானவையா மெதுவானவையா என்று பலவும் சேர்ந்த எண் அது. கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவோம் என்று சில கம்பெனிகள் விற்பனைப் பிரதிநிதிகளை அனுப்பின. அவர்கள் காட்டிய வண்ணப் படங்களை மருத்துவர்கள் நம்பியது எனக்குப் பெரும் வேதனை.

பணம் வந்த கதை இதனோடு சேர்ந்ததுதான். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தத் தொழிலுக்குள் புகுந்த பணத்தைப் போல நான் ஆய்வக உலகில் பார்த்ததில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிக் கட்டணம். ஒரு பாட்டிலில் நாற்பது ஐம்பது பொருளைத் தேடினால் ஒரு பாட்டிலுக்கே ஆயிரக்கணக்கான டாலர் பில் போடலாம். ஃபுளோரிடாவில் மறுவாழ்வு இல்லங்கள் நடத்தியவர்கள் சிறுநீரைத் ‘திரவத் தங்கம்’ என்றே அழைத்தார்கள். மருத்துவர்கள் சேர்ந்து சொந்த ஆய்வகம் திறந்தார்கள். 2015 அக்டோபரில் மில்லெனியம் ஹெல்த் என்ற பெரிய ஆய்வக நிறுவனம், தேவையில்லாத சோதனைகளுக்கு அரசிடம் பணம் வாங்கியது, மருத்துவர்களுக்கு இலவசச் சோதனைக் கோப்பைகள் கொடுத்தது போன்ற குற்றச்சாட்டுகளை முடித்துக்கொள்ள 25.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2016இலிருந்து முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், எத்தனை வகை மருந்து என்பதைப் பொறுத்து நான்கு படிக் கட்டணம் என்று மாற்றியது. அதன்பின் சிறிய ஆய்வகங்கள் பல மூடின. என்னிடம் கற்றவர்கள் சிலர் வேலை இழந்தார்கள், அது வருத்தம். ஆனால் எழுபது வயதுக்காரரின் சிறுநீரில் மாதாமாதம் பிசிபி தேடியதை எந்தக் காலத்திலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

2016 மார்ச்சில் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வழிகாட்டுதல் வெளியிட்டது: ஓபியாய்டு தொடங்கும் முன் சிறுநீர்ச் சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்வதை யோசியுங்கள் என்று. சோதனையின் குறைகளும் அதிலேயே எழுதப்பட்டிருந்தன. அந்தப் பகுதியைப் படித்தவர்கள் குறைவு. ஒரு ரிசல்ட் பிசகினால் வெளியே என்பது பல கிளினிக்குகளில் எழுதப்படாத விதியாயிற்று. வெளியே தள்ளப்பட்டவருக்கு அடுத்த மருத்துவர் கிடைப்பதில்லை. மருத்துவக் குறிப்பில் அந்தக் கறை கூடவே வரும். மருந்து திடீரென்று நின்றால் உடம்பு நடுங்கும், வலி இரட்டிப்பாகும். சிலர் தெருவில் தேடிப் போனார்கள். தெருவில் அப்போது ஃபென்டனில் இருந்தது. இந்த வெளியேற்றமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி விழவில்லை. முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு, சோதனையில் ஒரே மாதிரி தவறு தெரிந்தபோது கறுப்பின நோயாளிகளின் மருந்துதான் அதிகமாக நிறுத்தப்பட்டது என்று 2018இல் காட்டியது. 2019இல் உணவு, மருந்து நிர்வாகத் துறையே திடீரென நிறுத்தாதீர்கள் என்று எச்சரித்தது. 2022இல் சிடிசி தன் வழிகாட்டுதலைத் திருத்தி, சோதனை முடிவை வைத்து நோயாளியை வெளியேற்றக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியது. எனக்கு அது ஆறு ஆண்டு தாமதம்.

ஃபென்டனில் எங்கள் தொழிலையே புரட்டிப்போட்டது. வலிக்கான பட்டையிலும் அறுவை சிகிச்சை அறையிலும் மட்டும் இருந்த மருந்து, 2013க்குப் பிறகு கள்ளத்தனமாகத் தயாராகி ஹெராயினுக்குப் பதிலாக வந்தது. பழைய ஓபியேட் சோதனைக்கு அது தெரியாது என்று முன்பே சொன்னேன். மூச்சு நின்று கொண்டுவரப்பட்ட இளைஞர்களின் ரிப்போர்ட்டில் ‘ஓபியேட் நெகட்டிவ்’ என்று அச்சாகிக்கொண்டிருந்தது. மத்திய அரசின் வேலைச் சோதனைப் பட்டியலில் அது சேர்ந்தது 2025இல்தான். நாங்கள் அதற்கென்று தனிச் சோதனையைக் கொண்டுவந்தோம், புதிய குழப்பங்களும் கூடவே வந்தன. பிரசவ வலிக்கு முதுகில் போடும் ஊசியில் ஃபென்டனில் கலப்பது வழக்கம். அந்த ஊசி போட்ட பிறகு தாயின் சிறுநீரை எடுத்தால் பாசிட்டிவ் வராமல் எப்படி இருக்கும்? ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியால் குழந்தைகள் நலத் துறைக்கே தகவல் போயிருக்கிறது. கர்ப்பிணிகளைச் சம்மதமின்றிச் சோதித்துப் போலீஸுக்குச் சொல்வது அரசியலமைப்புக்கு எதிரானது என்று சார்ல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்ததை நான் பிரசவப் பிரிவில் சொல்லாத ஆண்டில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லேபடலால் ஆம்ஃபெட்டமின் சோதனையைத் தவறாகப் பாசிட்டிவ் ஆக்கும் என்பதையும் கூடவே சொல்வேன். கர்ப்பிணிகளுக்கு அதை அடிக்கடி கொடுப்பார்கள்.

அண்மையில் ஓர் இளம் மருத்துவர் கூப்பிட்டார். பியூப்ரனார்ஃபின் தொடங்கிய நோயாளி. ஃபென்டனிலை நிறுத்திவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார். பத்து நாள் கழித்தும் அதன் சிதைபொருளான நார்ஃபென்டனில் பாசிட்டிவ். “பொய் சொல்கிறார் இல்லையா?” நீண்ட காலம் பயன்படுத்தியவர்களின் கொழுப்பில் ஃபென்டனில் தங்கிவிடும். நிறுத்திய பிறகும் ஃபென்டனில் சராசரியாக ஒரு வாரம், நார்ஃபென்டனில் ஏறக்குறைய இரண்டு வாரம் வெளியேறிக்கொண்டிருப்பதை 2020இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முந்தைய சாம்பிளையும் இதையும் கிரியேட்டினினால் வகுத்து ஒப்பிட்டுக் கொடுத்தேன். நன்றாக இறங்கியிருந்தது. மருத்துவர் சிகிச்சையைத் தொடர்ந்தார்.

புதிதாகச் சேரும் மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் கொஞ்ச நேரம் பேசச் சொல்வார்கள். பாட்டிலை நீட்டுவதற்கு முன் நோயாளியிடம் கேளுங்கள் என்பேன்: “இதில் என்னென்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? கடைசியாக எப்போது எதைச் சாப்பிட்டீர்கள்?” தண்டிக்கப் போவதில்லை என்று தெரிந்தால் பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய மாத்திரை உட்பட. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் அதை எழுதுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. மருந்தின் பெயர், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், வேறு மருந்துகள். பத்துப் படிவத்தில் எட்டு அந்தக் கட்டம் காலியாகத்தான் வருகிறது. அதை நிரப்பி அனுப்பினால், எந்தச் சோதனையை ஓட்டுவது, எந்தச் சிதைபொருளைத் தேடுவது என்று பார்த்துச் செய்வோம். ரிசல்ட் விசித்திரமாக இருந்தால் நாங்களே முதலில் கூப்பிடுவோம்.